விளக்குமாறு பிடித்த புனிதர் மார்ட்டின் தெ போரஸ்

கத்தோலிக்கத் தேவாலயங்கள் சிலவற்றில் ஓரமாக ஒரு சொரூபம் இருக்கும். கறுத்த முகம், வெள்ளை அங்கி, அதன்மேல் கறுப்பு மேலாடை. கையில் ஒரு விளக்குமாறு. காலடியில் ஒரு நாய், ஒரு பூனை, ஓர் எலி. மூன்றும் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். மற்றப் புனிதர்கள் கையில் சிலுவை, புத்தகம், செங்கோல், லீலி மலர் என்று ஏதாவது ஒன்று இருக்கும். வீடு கூட்டும் பொருளைக் கையில் கொடுத்துப் பீடத்தில் ஏற்றி வைத்திருப்பது இவரைத்தான்.

இவர் பெயர் மார்ட்டின் தெ போரஸ். தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், லீமா நகரில் ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். ஆண்டுதோறும் நவம்பர் 3ஆம் நாள் திருச்சபை இவரை நினைவுகூர்கிறது.

கிறிஸ்தவர்கள் தாழ்ச்சி என்று சொல்லும் புண்ணியத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் இவர் பெயரும் கூடவே வரும். ஆனால் இவர் கதை அவ்வளவு எளிதானதல்ல. மாளிகையில் பிறந்தவர் இறங்கி வந்து ஏழையின் காலைக் கழுவினால் அதைத் தாழ்ச்சி என்கிறோம். பிறக்கும்போதே தரையில் வைக்கப்பட்டவர் இன்னும் எங்கே இறங்குவது? அவர் குனிந்தால் அது புண்ணியமா, பழக்கமா, பயமா? துரை பங்களா வாசலில் கைகட்டி நின்ற தலைமுறையின் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வியை விளக்கத் தேவையில்லை.

மார்ட்டின் 1579ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் பிறந்தார். லீமா அப்போது புதிய நகரம். இன்கா பேரரசை வீழ்த்திய ஸ்பானியத் தளபதி பிஸாரோ 1535இல் அதை நிறுவி 44 ஆண்டுகளே ஆகியிருந்தன. மலைச் சுரங்கங்களில் பூர்வகுடி மக்கள் வெட்டியெடுத்த வெள்ளி, கடல் வழியாக ஸ்பெயினுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள் கப்பல் கப்பலாக வந்து இறக்கப்பட்டார்கள். சந்தையில் மாட்டைப் போல் அவர்களுக்கு விலை பேசினார்கள்.

அந்த ஊரில் ஒருவரின் நிறத்தைப் பார்த்தே அவருக்கு எந்த வேலை, எந்தக் கதவு என்று முடிவு செய்துவிடுவார்கள். ஸ்பெயினில் பிறந்தவர் மேலே. அங்கேயே பிறந்த ஸ்பானிய வம்சத்தார் அதற்கு அடுத்து. பூர்வகுடிகள் கீழே, அடிமைகள் அடியில். வெள்ளைத் தந்தைக்கும் கறுப்புத் தாய்க்கும் பிறந்தவர்களை முலாட்டோ என்றார்கள். கோவேறு கழுதையைக் குறிக்கும் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்பார்கள். அதைப் பெயர் என்பதைவிட வசவு என்றே சொல்லலாம்.

மார்ட்டினின் தாய் ஆனா வெலாஸ்கஸ், அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்ற கறுப்பினப் பெண். தந்தை யுவான் தெ போரஸ், ஸ்பானிய மேட்டுக்குடியைச் சேர்ந்தவர். இருவருக்கும் திருமணம் நடக்கவில்லை. லீமாவின் புனித செபஸ்தியார் ஆலயத்தில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது, பதிவேட்டில் தாயின் பெயர் எழுதப்பட்டது. தந்தை யார் என்று தெரியவில்லை என எழுதப்பட்டது. ஊருக்கே தெரிந்த ஒன்றை எழுத ஏட்டில் இடமில்லாமல் போயிற்று. குழந்தை தாயின் நிறத்தோடு பிறந்தது தந்தைக்குப் பிடிக்கவில்லை என்று வாழ்க்கை வரலாற்று நூல்கள் சொல்கின்றன.

பின்னர் யுவானா என்ற தங்கையும் பிறந்தாள். தாய் பிறர் வீட்டுத் துணிகளைத் துவைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். கடைக்கு அனுப்பினால் மகன் கூடையில் உள்ளதை வழியில் பசியோடு நிற்பவர்களுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவான். அம்மாவிடம் அடி வாங்குவான். இல்லாத வீட்டில் இது எவ்வளவு பெரிய தலைவலி என்பது அந்த அம்மாவுக்குத்தான் தெரியும்.

சில ஆண்டுகள் கழித்துத் தந்தைக்கு மனம் மாறியது. இரு பிள்ளைகளையும் தன் பிள்ளைகள் என்று ஏற்றுக்கொண்டு, இன்று எக்குவடோரில் உள்ள குவாயாக்கில் நகருக்கு அழைத்துப் போனார். அங்கேதான் மார்ட்டின் எழுதப் படிக்கக் கற்றார். அந்த நல்ல காலமும் நீடிக்கவில்லை. தந்தைக்குப் பனாமாவில் பதவி கிடைத்ததும் மார்ட்டின் மறுபடி லீமாவுக்கு, தாயிடமே வந்து சேர்ந்தார்.

12 வயதளவில் அவரை ஒரு முடிதிருத்துநரிடம் தொழில் பழக விட்டார்கள். இன்றைய முடிதிருத்தகத்தை நினைத்துக்கொண்டு இதைப் படிக்கக் கூடாது. அக்காலத்தில் கத்தி பிடித்தவரே பாதி மருத்துவர். முடி வெட்டுவார், பல் பிடுங்குவார், கட்டியைக் கீறுவார், எலும்பு முறிந்தால் கட்டுப் போடுவார், மருந்துச் சாறு காய்ச்சுவார். மார்ட்டின் இதையெல்லாம் விரைவில் கற்றுக்கொண்டார். ஐரோப்பிய முறையோடு, ஆண்டீஸ் மலையின் மூலிகைகளும் அவர் கைக்குப் பழகின.

இரவில் தங்கியிருந்த வீட்டுக்காரம்மாவிடம் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளைக் கேட்டு வாங்கிப் போவார். பையன் இதை வைத்து என்ன செய்கிறான் என்று அந்த அம்மா ஒருநாள் கதவிடுக்கில் பார்த்தார். சிலுவைக்கு முன் முழங்காலில் இருந்தானாம்.

இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். முலாட்டோ என்று ஒதுக்கப்பட்ட இளைஞர் கையில் இப்போது ஒரு தொழில் இருந்தது. நல்ல வருமானம் தரும் தொழில். நோய் வந்தால் வெள்ளைக்காரரும் தேடி வந்து உட்காரும் நாற்காலி. அந்த ஊரில் அவரைப் போன்ற ஒருவர் தலைநிமிர்ந்து வாழக் கிடைத்த ஒரே வழி என்றுகூடச் சொல்லலாம். ஏறி வந்த அந்தப் படியிலிருந்துதான் அவர் தாமாக இறங்கினார்.

15 வயதில், லீமாவில் தோமினிக்கன் சபையினர் நடத்திய செபமாலை அன்னை மடத்துக்குப் போய், வேலைக்காரராகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். துறவியாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அவர் கேட்க முடியாது. ஆப்பிரிக்கர், பூர்வகுடியினர் ஆகியோரின் வழிவந்தவர்கள் துறவறச் சபைகளில் முழு உறுப்பினராக முடியாது என்று பெருவில் விதி இருந்தது. அவர்களுக்கு இருந்த இடம் 'தொனாதோ' என்பது. தன்னையே மடத்துக்குக் கொடுத்துவிட்டவர் என்று பொருள். வார்த்தைப்பாடு கிடையாது, சம்பளமும் கிடையாது. உடுப்பில் ஒரு பகுதியை மட்டும் அணியலாம். தரை கூட்டுவது, மணி அடிப்பது, துணி துவைப்பது, சமையலறையில் நிற்பது, துறவிகளுக்கு முடி வெட்டுவது, இவைதான் வேலை.

இதைக் கேள்விப்பட்ட தந்தைக்குக் கோபம் வந்தது. பிள்ளையின் பெயரைப் பதிவேட்டில் ஏற்க மறுத்தவருக்கு, தன் மகன் மடத்தில் எடுபிடியாக இருப்பது இப்போது மானக்கேடாகப் பட்டது. மகனுக்குக் கொஞ்சம் உயர்ந்த இடம் கொடுக்கும்படி மடத்துத் தலைவரிடம் பேசினார் என்கிறார்கள். மார்ட்டின் அதை ஏற்கவில்லை. தந்தையின் பெயரால் வரும் உயர்வு அவருக்கு வேண்டியிருக்கவில்லை போலும்.

ஒன்பது ஆண்டுகள் அப்படியே போயின. 1603இல், மார்ட்டினுக்கு 23 வயது நடந்தபோது, மடத்துப் பெரியவர்கள் விதியை ஒதுக்கி வைத்துவிட்டு, அவரை வார்த்தைப்பாடு எடுக்கச் சொன்னார்கள். அவர் அருட்சகோதரர் ஆனார். குருவாகவில்லை, ஆனால் இனி சபையின் பிள்ளை. விளக்குமாறு மட்டும் கையைவிட்டுப் போகவில்லை.

பிறகு நோயாளர் பிரிவு அவர் பொறுப்புக்கு வந்தது. சாகும்வரை அதுவே அவர் உலகம். மடத்தில் நூற்றுக்கணக்கான துறவிகள். தொற்றுநோய் வந்தால் ஒரே நேரத்தில் 60 பேர் படுத்துவிடுவார்கள். இரவும் பகலும் ஒவ்வொரு படுக்கையாகப் போவார். புண்ணைக் கழுவுவார், மருந்து கொடுப்பார், அழுக்குத் துணியை மாற்றுவார், மலச்சட்டியை எடுத்துக் கொட்டுவார். நோயாளி வாய்விட்டுக் கேட்குமுன் வேண்டியதைக் கொண்டுவந்து நிற்பார் என்று, பிற்காலத்தில் விசாரணையில் சாட்சி சொன்ன துறவிகள் பலர் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

பூட்டிய கதவுக்குள் வந்தார், ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருந்தார், செபிக்கும்போது தரையைவிட்டு எழும்பினார் என்றும் நிறையச் சொல்லப்படுகிறது. நம்புகிறவர்கள் நம்பட்டும். மலச்சட்டியைக் கொட்டியதற்குத்தான் சாட்சிகள் அதிகம்.

நோயாளிகள் எல்லாருமே நல்லவர்களாக இருக்கவில்லை. வலி வந்தால் மனிதருக்கு வாய் கெட்டுப் போகும். உள்ளே கிடக்கும் எண்ணமும் வெளியே வரும். மடத்து இளம் துறவி ஒருவர் அவரை முலாட்டோ நாயே என்று திட்டினார். குரு ஒருவர் அவர் பிறப்பைச் சொல்லி, அடிமைப் பரம்பரை என்று இழித்தார். வெள்ளை அங்கி அணிந்து, தினமும் ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கியவர்கள் பேசிய பேச்சு இது. மார்ட்டின் திருப்பித் திட்டவில்லை. தாம் பாவி, முலாட்டோ, அவ்வளவுதான் என்று ஒப்புக்கொண்டு, திட்டியவரின் படுக்கையைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

இந்த இடத்தில்தான் இவர் கதை தவறான கைக்குப் போகும் அபாயம் இருக்கிறது. மேலே இருப்பவர் இதை எடுத்துக்கொண்டு, பாருங்கள், புனிதரே பொறுத்துக்கொண்டார், நீங்களும் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பாருங்கள் என்று கீழே இருப்பவரிடம் சொல்வது எளிது. சொல்லியும் இருப்பார்கள். திட்டு வாங்கியதை மட்டும் எடுத்துக்கொண்டு, அதே மார்ட்டின் மடத்துத் தலைவரின் உத்தரவை என்ன செய்தார் என்பதை விட்டுவிட்டால் பாதிக் கதைதான் கையில் மிஞ்சும்.

லீமாவில் கடும் நோய் பரவிய காலம் அது. மடத்துக்குள் ஏற்கெனவே படுக்கைகள் நிறைந்திருந்தன. மார்ட்டின் அதோடு நிற்கவில்லை. தெருவில் விழுந்து கிடந்தவர்களையும் தூக்கி வந்தார். அடிமை, பூர்வகுடி, ஸ்பானியப் பிச்சைக்காரர் என்ற கணக்கு அவரிடம் இல்லை. இடமில்லாதபோது தம் படுக்கையையே கொடுத்தார். உடம்பெல்லாம் புண்ணாக, அரை நிர்வாணமாகக் கிடந்த முதியவர் ஒருவரைத் தம் கட்டிலில் படுக்க வைத்தபோது, சக துறவி ஒருவர் விரிப்பு பாழாகிறதே என்று கடிந்தார். விரிப்பில் பட்ட அழுக்கு சவுக்காரத்தில் போய்விடும், இரக்கமில்லாத மனத்தில் பட்ட கறை எதிலும் போகாது என்ற கருத்தில் மார்ட்டின் பதில் சொன்னார்.

சபை மேலதிகாரிக்குப் பயம் வந்துவிட்டது. தொற்று எல்லாரையும் பிடித்துக்கொண்டால் மடமே காலியாகிவிடும். அவர் பயந்ததில் தவறில்லை. இனி வெளியார் யாரையும் உள்ளே கொண்டுவரக் கூடாது என்று உத்தரவிட்டார். மார்ட்டின் கீழ்ப்படிந்தார். திருமணமாகித் தனிக் குடித்தனம் நடத்திய தங்கை யுவானா நோயாளிகளுக்குத் தன் வீட்டில் இடம் கொடுக்க முன்வந்தார். மார்ட்டின் அவர்களை அங்கே அனுப்பத் தொடங்கினார்.

ஒருநாள் மடத்துக்கு அருகே தெருவில், கத்திக்குத்துப் பட்ட பூர்வகுடி ஒருவர் இரத்தம் ஓடிக் கிடந்தார். தங்கை வீடு தூரம். அதுவரை அவர் உயிர் தாங்காது. மார்ட்டின் அவரைத் தூக்கி வந்து, உத்தரவுக்கு மாறாக, மடத்துக்குள் தம் அறையில் கிடத்தி, காயத்தைக் கட்டினார். ஆபத்து நீங்கிய பிறகே தங்கை வீட்டுக்கு மாற்றினார்.

செய்தி தலைவர் காதுக்குப் போயிற்று. கீழ்ப்படியாமைக்காக அவரை அழைத்துக் கண்டித்தார். மார்ட்டின் மறைக்கவும் இல்லை, வாதாடவும் இல்லை. அன்பைக் காட்டிலும் கீழ்ப்படிதல் முந்தியது என்று தமக்குத் தெரியாமல் போயிற்று, தெரியாததை மன்னித்துக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அமைதியாகக் கேட்டுக்கொண்டார். தலைவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இனி இரக்கச் செயல்களில் உன் மனம் போல் செய் என்று விட்டுவிட்டார்.

தன்னை நாய் என்றபோது சும்மா இருந்தவர், குத்துப்பட்டவனை வாசலில் விடு என்றபோது சும்மா இருக்கவில்லை. தமக்குக் கிடைத்த அவமதிப்பு அவருக்கு ஒரு விஷயமே இல்லை. வேறொருவரின் உயிர் என்றால் விஷயம் வேறு. குரலை உயர்த்தாமலே அவர் சட்டத்தைத் தாண்டினார்.

மடத்துக்குக் கடன் வந்த கதையையும் இதனோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஒருமுறை கடன்காரர்கள் நெருக்கியதால், தலைவர் மடத்துப் பொருள்கள் சிலவற்றை விற்கப் புறப்பட்டார். மார்ட்டின் பின்னாலேயே ஓடிப் போய், பொருள்களை விற்க வேண்டாம், தம்மை விற்றுக் கடனை அடைத்துவிடும்படி கேட்டுக்கொண்டார். இன்று இதைப் படிப்பவர் உருவகமாகச் சொன்னார் என்று நினைக்கக்கூடும். லீமாவில் அப்படி நினைக்க வழியில்லை. சில தெருக்களுக்கு அப்பால் மனிதர்களை விற்கும் சந்தை உண்மையாகவே நடந்தது. கறுப்பு நிற ஆண், நல்ல உடல்வலிமை, மருத்துவம் தெரிந்தவர் என்றால் நல்ல விலை போவார். தாய் தப்பி வந்த இடத்துக்கே மகன் போகத் தயாராக நின்றார். தலைவர் கண்கலங்கி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

நகருக்கு வெளியே லீமாதம்போ என்ற இடத்தில் சபைக்கு ஒரு பண்ணை இருந்தது. ஆம், சபைகளின் பண்ணைகளிலும் அடிமைகளே வேலை செய்தார்கள். அந்தக் காலத்துத் திருச்சபையின் மேல் விழுந்த கறை அது. மார்ட்டின் அங்கே போகும்போதெல்லாம் வயலில் வேலை செய்தவர்களோடு இருந்தார். அவர்களுக்கு வைத்தியம் பார்த்தார், மறைக்கல்வி சொன்னார், மூலிகைச் செடிகளை நட்டு வைத்தார். அடிமை முறையே தவறு என்று அவர் பிரசங்கம் செய்ததாக எந்தக் குறிப்பும் இல்லை. அதை அவரிடம் எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். பாட்டன் பாட்டி காலத்தில் தோட்டத்து லயத்தில் மருந்துப் பெட்டியோடு வந்து நின்ற டிரெஸ்ஸரை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, களைத்துப்போன கூலியாளுக்கு அந்த ஒரு கை எவ்வளவு பெரிது என்பதும் தெரிந்திருக்கும்.

மடத்து வாசலில் தினமும் கூட்டம். ஏறத்தாழ 160 பேருக்கு அவர் கையால் சோறு கிடைத்தது என்று நூல்கள் கூறுகின்றன. அதற்கு வேண்டிய பணத்தைப் பணக்காரர் வீடுகளில் கேட்டு வாங்கினார். ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்குச் சீர்ப் பணம் திரட்டினார். தெருவில் திரிந்த அநாதைப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் வேண்டும் என்று வசதியுள்ளவர்களை நச்சரித்து, அது உருவாகவும் காரணமானார். கணக்கு வழக்கில் கெட்டி. தாழ்ச்சியுள்ளவர் என்றால் ஒன்றும் தெரியாத அப்பாவி என்று நினைப்பவர்கள், இவர் நகரத்து வணிகர்களிடம் பணம் வாங்கிய சாமர்த்தியத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

லீமாவின் இன்னொரு தோமினிக்கன் மடத்தில் வாயில்காப்பாளராக இருந்த அருட்சகோதரர் யுவான் மசியாஸ் அவருடைய நண்பர். ஸ்பெயினில் பெற்றோரை இழந்து ஆடு மேய்த்து வளர்ந்தவர். ஒருவர் கையில் விளக்குமாறு, இன்னொருவர் கையில் வாசல் சாவி. நேரம் கிடைத்தபோது இருவரும் சந்தித்துச் சேர்ந்து செபித்தார்கள்.

எலிக் கதை எல்லாருக்கும் பிடித்தது. நோயாளர் பிரிவில் துணிகளை எலிகள் கடித்துக் குதறின. விஷம் வைக்கலாம் என்றார்கள் மற்றவர்கள். மார்ட்டின் ஓர் எலியைப் பிடித்து, பசியால்தானே கடிக்கிறாய், உன் கூட்டத்தை அழைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடு, அங்கே தினமும் சாப்பாடு வைக்கிறேன் என்று பேசி அனுப்பினார் என்பது கதை. எலிகள் வரிசையாகப் போயின என்பார்கள். அடிபட்ட நாய்களையும் பூனைகளையும் தங்கை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். யுவானாவின் கணவர் இதற்கெல்லாம் என்ன சொன்னார் என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

கடைசி ஆண்டில் நடந்த ஒரு சம்பவம். மெக்சிகோவின் பேராயராக நியமிக்கப்பட்டிருந்த ஃபெலிசியானோ தெ வேகா லீமாவில் கடும் நோயில் விழுந்தார். மருத்துவர்கள் கைவிட்ட நிலையில் மார்ட்டினை அழைத்து வரச் சொன்னார். வலி எடுத்த இடத்தில் கையை வைக்கச் சொன்னபோது மார்ட்டின் கூச்சப்பட்டுத் தயங்கினார். பேராயர் கட்டளையிட்டதால் வைத்தார். நோய் தணிந்தது. குணமானவர், மார்ட்டினைத் தம்மோடு மெக்சிகோவுக்கு அழைத்துப் போக விரும்பினார். அரண்மனை வாழ்வு காத்திருந்தது.

பேராயரிடமிருந்து திரும்பிய மார்ட்டின் நேராகப் போய் மடத்துக் கழிப்பிடத்தைக் கழுவத் தொடங்கினார். அதைக் கண்ட ஒரு குரு, பேராயர் வீட்டில் இருப்பது இதைவிட மேலல்லவா என்று கேட்டார். இறைவன் வீட்டில் இந்த வேலை செய்யும் சிறு பொழுது தமக்கு அந்த நாள்களைக் காட்டிலும் மேலானது என்று மார்ட்டின் சொல்லிவிட்டு, கையிலிருந்த வேலையைத் தொடர்ந்தார். அவர் அருவருப்பை மறைத்துக்கொண்டு செய்த தவமாக அது தெரியவில்லை. பிடித்த இடத்துக்குத் திரும்பிய மனிதராகத்தான் தெரிகிறார்.

மெக்சிகோ பயணம் நடக்கவில்லை. 1639ஆம் ஆண்டு இறுதியில் மார்ட்டினுக்குக் காய்ச்சல் வந்தது. நகர் முழுவதும் கவலை பரவியது. பெரு நாட்டை ஆண்ட ஸ்பானிய அரசப் பிரதிநிதி சின்சோன் பிரபுவே பார்க்க வந்தார். மார்ட்டின் அப்போது செபத்தில் ஆழ்ந்திருந்ததால், நாட்டை ஆள்பவர் ஒரு முலாட்டோவின் அறைக்கு வெளியே காத்திருக்க நேர்ந்தது என்றும், பிறகு உள்ளே போய் அவர் கையை முத்தமிட்டார் என்றும் சொல்லப்படுகிறது. தோட்டங்களில் மலேரியாவுக்குக் கொடுத்த கசப்பு மருந்தான கொய்னா எந்த மரத்துப் பட்டையிலிருந்து வந்ததோ, அந்தச் சின்கோனா மரத்துக்கு இதே சின்சோன் பிரபுவின் மனைவியின் நினைவாகத்தான் பிற்காலத்தில் பெயர் வைத்தார்கள்.

1639 நவம்பர் 3ஆம் நாள் இரவு, சக துறவிகள் சூழ்ந்து நின்று விசுவாச அறிக்கையைப் பாடிக்கொண்டிருக்கும்போது மார்ட்டின் இறந்தார். 60 வயது நிறைய ஒரு மாதமே இருந்தது. மறுநாள் மடத்தின் கதவைத் திறந்ததும் ஊரே உள்ளே நுழைந்தது. அவர் அங்கியிலிருந்து ஆளுக்கு ஒரு துண்டு வெட்டிக்கொண்டார்கள். உடலுக்கு மறுபடி மறுபடி வேறு அங்கி உடுத்த வேண்டியிருந்தது என்கிறார்கள். அரசப் பிரதிநிதியும் பேராயரும் அவர் உடலைச் சுமந்தவர்களில் இருந்தார்கள். சாகும் நாள்வரை சுமந்தே பழகியவரை அன்று அவர்கள் சுமந்தார்கள்.

திருச்சபை அவரை அதிகாரபூர்வமாக உயர்த்த மிகவும் தாமதித்தது. 1660களில் லீமாவில் சாட்சிகளை விசாரித்தார்கள். அவரை நேரில் அறிந்தவர்கள் அப்போதும் உயிரோடு இருந்தார்கள். இன்று அவரைப் பற்றித் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அந்தச் சாட்சியங்களிலிருந்து வந்தவைதான். ஆனால் அருளாளர் பட்டம் 1837இல்தான், திருத்தந்தை 16ஆம் கிரகோரி காலத்தில்தான் கிடைத்தது. பெருவில் அடிமை முறையை ஒழித்தது அதற்கும் பிந்தி, 1854இல். அதாவது 17 ஆண்டுகள், தங்கள் நிறத்தவர் ஒருவரை அருளாளர் என்று வணங்கி மெழுகுவர்த்தி ஏற்றிய அந்த நாட்டு மக்களில் சிலர் இன்னும் பிறரின் சொத்தாகவே இருந்தார்கள்.

1962ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் திருத்தந்தை 23ஆம் யோவான் அவரைப் புனிதராக அறிவித்தார். இறந்து 322 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் ஒரே பேருந்தில், ஒரே பள்ளியில் சம இடம் கேட்டுப் போராடிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. கலப்பினத்தவர்கள், முடிதிருத்துநர்கள், பொதுச் சுகாதாரப் பணியாளர்கள், இன நல்லிணக்கம் நாடுவோர் ஆகியோருக்கு அவர் பாதுகாவலர் ஆனார்.

லீமாவில் அந்தத் தோமினிக்கன் மடத்து ஆலயம் இன்றும் இருக்கிறது. பெரு நாட்டுப் புனிதர்கள் மூவரின் திருப்பண்டங்களை அங்கே ஒரே பீடத்தில் வைத்திருக்கிறார்கள். ஸ்பானிய வம்சத்தில் வந்த ரோசா, ஸ்பெயினில் ஆடு மேய்த்த யுவான் மசியாஸ், தந்தை பெயர் எழுதப்படாத மார்ட்டின். ரோசாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் மார்ட்டினுக்குக் கொடுத்த அதே செபஸ்தியார் ஆலயத்தில்தான். இப்போது மூவரும் அருகருகே இருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் மார்ட்டினின் சொரூபத்தை, கையிலுள்ள விளக்குமாற்றை வைத்தே அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.